தூங்கிப்போகும் பவர்பேங்க்

ஒன்பது மணிக்குள் அது மூன்றாம் தடவையும் அணைந்தது.

ஜெயரூபன் இறால் குளத்து வரம்பில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே பவர்பேங்கில் ஓடும், விரல் நீளத்தில் ஒரு கணினி. குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு என்று அளந்து, பத்து நிமிடத்துக்கொரு தடவை முதலாளியின் போனுக்கு அனுப்ப வேண்டியது. இப்போது செத்த மீன்போலக் கிடந்தது.

முதலாளி நல்லரத்தினம் நேற்றே சொல்லிவிட்டார்.

"பத்து மணிக்குத் தொடங்கி அஞ்சு மணி மட்டும் நிக்காம ஓடினா மூண்டு குளத்துக்கும் எடுக்கிறன் மனே. இடையில நிண்டா, பெட்டியத் தூக்கிக்கொண்டு போயிடு."

மனைவி நிருஷா இறந்து பதினொரு மாதம். அதன் பிறகு அவன் முழுதாகச் செய்து முடித்தது இந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

றிப்ஷான் மோட்டர்சைக்கிளில் வந்து ஒரு பெரிய பையை வரம்பில் கொட்டினான். கம்பஸில் கூடப் படித்தவன். காத்தான்குடியில் போன் கடை. கலியாண வீடுகளுக்கு அலங்கார விளக்கும் வாடகைக்குக் கொடுப்பான்.

"கடையில இரிக்கிற பற்றரி எல்லாத்தையும் அள்ளிட்டு வந்திட்டன் மச்சான். பொண்ணு பாக்கிற மாதிரி ஒவ்வொண்டாப் பாரு."

முதலாவது, பழைய மடிக்கணினியில் கழற்றிய லித்தியம் பற்றரி.

"இது ஏன்டா வயிறு ஊதியிரிக்கி?"

"வலீமா விருந்துச் சோறு கூடத் திண்டிரிச்சி போல."

"இது பத்தினா இறால் பொரியல்தான். தூக்கி அங்கால வை."

இரண்டாவது, வெள்ளி உறை போட்ட தட்டைப் பற்றரி. றிப்ஷான் செருகப் போனான். ஜெயரூபன் பாய்ந்து அவன் கையைப் பிடித்தான். கறுப்பு வயர் வர வேண்டிய இடத்தில் சிவப்பு வயர் இருந்தது.

"மாறிக் குடுத்தா அதுக்கென்ன விளங்கவா போகுது?"

"உன்ர மோட்டர்சைக்கிளுக்கு டீசல் ஊத்திப் பாரு, விளங்கும்."

மிச்சம் நாலு பவர்பேங்க். நாலும் ஒரே குணம்: அரை நிமிடம் எரிந்தன, அணைந்தன. அப்போதுதான் ஜெயரூபனுக்குப் பிடிபட்டது. கணினி இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போனுக்குச் சார்ஜ் நிறைந்துவிட்டது என்று நினைத்துப் பவர்பேங்க் தூங்கிவிடுகிறது.

"இவர் குடிக்கிறது காணாது மச்சான்."

"அப்ப பக்கத்தில ஒரு குடிகாரன வை."

இருவரும் பையின் அடியைப் பார்த்தார்கள். அள்ளிய அள்ளலில் கலியாண வீட்டு விளக்குச் சரம் ஒன்றும் வந்திருந்தது. ஜெயரூபன் அதைப் பவர்பேங்கின் இரண்டாவது துவாரத்தில் செருகினான். சிவப்பு மின்னியது. அரை நிமிடம். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பவர்பேங்க் தூங்கவில்லை.

ஜெயரூபனுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரம்பில் சரிந்தான்.

பத்து மணிக்குக் குடையோடு வந்த நல்லரத்தினம் திகைத்துப் போனார்.

"மறுகா இதென்னடா, ஆர்ர கலியாணம்?"

"பற்றரி நித்திரை கொள்ளாமக் காவல், முதலாளி," என்றான் றிப்ஷான்.

"கரண்டத் திங்கிறதுக்கெண்டு லைட்டா?"

"ஓம். திண்டாத்தான் ஓடும்."

மத்தியானம் வாவியில் போன தோணிக்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்திக் கூவினார்.

"பொண்ணு ஆரு தம்பி?"

"இறால்தான்! சாப்பாட்டுக்கு நில்லுங்க!" என்று றிப்ஷான் திருப்பிக் கூவினான். ஜெயரூபன் மறுபடியும் சரிந்தான்.

சரியாக ஐந்து மணிக்கு முதலாளியின் போன் ஒலித்தது. அவர் திரையை விரலால் தள்ளித் தள்ளி, காலையிலிருந்து வந்த எல்லாவற்றையும் வாய்க்குள் எண்ணினார்.

"ஒண்டும் தவறல்ல. மத்த ரெண்டுக்கும் போடு."

ஜெயரூபன் பெட்டியை மூடினான்.

"அடுத்தது செய்யக்குள்ள தூங்காத பற்றரி ஒண்டு எடுக்கிறன் முதலாளி. லைட் தேவைப்படாது."

"ஆரு கேட்ட அத?" நல்லரத்தினம் குடையை விரித்தார். "ஒண்டுக்கு நீலம், ஒண்டுக்குப் பச்சை. வீட்டு வாசல்ல நிண்டே எந்தக் குளத்து மெசின் ஓடுது எண்டு பாத்திருவன்."

றிப்ஷான் அதற்குள் கடைக்குப் போன் எடுத்திருந்தான், நீலச் சரம் இருக்கிறதா என்று கேட்க.