சாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை

அவள் ஏழாவது முறையாக வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஈரமான தெரு. எதிர் நடைபாதையில் ஒரு பெண் குடையும் நாயுமாகப் போய்க்கொண்டிருந்தாள். வேறு ஈ காக்கை இல்லை.

உள்ளே நாற்பது நாற்காலிகள். வந்ததும் முதல் வேலையாக அவற்றைச் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் விட்டிருந்தாள். வருகிறவர்கள் சுற்றி நின்று முகம் பார்க்க வேண்டுமே. பெட்டிக்குள் அவள் கணவன் கோட்டு போட்டுப் படுத்திருந்தான். புழுங்கும் என்று கல்யாணத்துக்கே கோட்டு வேண்டாமென்று சொன்ன மனுஷன்.

கல்யாணமாகி ஏழு வருஷம். அவன் வந்துபோன லீவுகளைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறும். மிச்சமெல்லாம் போனிலேயே நடத்திய குடித்தனம். ஒருவழியாக விசா வந்து, அவள் இந்த நாட்டில் காலடி வைத்த பத்தொன்பதாம் நாள், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவன் அங்கேயே சரிந்துவிட்டான். அவளுக்கு அந்த பஸ்ஸின் நம்பர்கூடத் தெரியாது.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணி" என்றான் நெட்டையன். கணவனின் அறைத் தோழன். அவள் வருகிறாள் என்றதும் வேறு அறை பார்த்துப் போனவன். ஆள் அவள் தோளுக்குத்தான் வருவான். பெயர் வைத்தது கணவனின் குசும்பு. லாரி ஓட்டுகிறான். சேதி கேட்டு இரண்டு நாள் ஓட்டி இன்று காலைதான் வந்து சேர்ந்தான். அதுவரை அவளுக்காக எல்லோரிடமும் பேசியது லாரியிலிருந்து, போனில்.

"இன்னுமா தம்பி வரல?"

"யாரு அண்ணி?"

"அவரு கூட வேல பாக்குறவங்க. தெனம் அவங்க கததான். அவன் இதச் சொன்னான், இவ அதக் குடுத்தான்னு. ஒருத்தருக்குக்கூடவா மனசு வரல?"

அந்த இழவுக்கூடத்தை நடத்துகிற கறுப்புக் கோட்டுக்காரர் வந்து இரண்டு கை விரல்களையும் விரித்துக் காட்டினார். பத்து நிமிஷம். அடுத்த சாவுக்காரர்கள் நடையில் காத்திருந்தார்கள், ஏகப்பட்ட கூட்டம். அவளுக்கு அழுகை வரவில்லை, வயிறு எரிந்தது. ஏழு வருஷம் இவர்களோடு மாடாய் உழைத்தவன் அனாதைப் பிணமாகவா போக வேண்டும்?

கோட்டுக்காரர் போகிற போக்கில் நெட்டையனிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவன் முகம் செத்துப்போனது.

"என்னவாம்?"

"நீங்க கேட்டபடியே ஒருத்தரையும் விடலயாம்."

"நான் என்ன கேட்டேன்?"

"அன்னிக்கு யார் யாரை அழைக்கிறீங்க, பேர் குடுங்கன்னு கேட்டாங்கள்ல அண்ணி..."

ஞாபகம் வந்தது. அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்த கேள்வி. சாவுக்கு யாராவது ஆள் கூப்பிடுவார்களா, யாரையும் கூப்பிடவில்லையென்று சொல்லுங்கள் என்று வெட்டிவிட்டாள். கூப்பிடுவது கல்யாணத்துக்கு. சாவென்று காதில் விழுந்தால் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவானே.

"நானும் அப்படியே சொல்லிட்டேன். எட்டு வருஷமா இங்க கெடக்கேன், எனக்காவது புத்தி வேணாம்? யாரும் வரக் கூடாதுன்னு எழுதிக்கிட்டாங்க. அண்ணன் வேல பாத்த சலவைக் கம்பெனியிலருந்து ரெண்டு தடவ கேட்டாங்களாம். குடும்பம் மட்டும்தான்னு சொல்லி வச்சிட்டாங்களாம்."

முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே வந்தது அதைவிட மோசமாக இருந்தது. அவனைத் தனியாகக் கிடத்தியது அவள்தான்.

"இப்பக் கூப்பிடுங்க."

"ஷிப்டுல இருப்பாங்க அண்ணி. கெளம்பி வர ஒரு மணி நேரமாவது ஆகும்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கோட்டுக்காரரைப் பார்த்தாள்.

"சுடுகாட்டுக்குப் போற வண்டிய அந்தக் கம்பெனி வழியா விடச் சொல்லுங்க. அவங்க வர முடியலன்னா நாம கொண்டுபோய்க் காட்டுவோம்."

"இங்கல்லாம் அப்படி..."

"கேளுங்க தம்பி."

நெட்டையன் குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பேசினான். கோட்டுக்காரர் தலையாட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை திரும்பி, சுவரோரம் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினார்.

சலவைக் கம்பெனியின் பின்வாசலில் வண்டி நின்றது. சாப்பாட்டு நேரம். நெட்டையன் உள்ளே ஓடினான். அவள் இறங்கித் தூறலில் நின்றாள். இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நாலைந்து பேர். பிறகு எண்ண முடியவில்லை. வெள்ளைத் தொப்பியும் ரப்பர் ஏப்ரனுமாக, சிலர் வாயில் மென்றதை விழுங்கிக்கொண்டே. எல்லோருக்கும் அவனுடையதைப் போலவே வெந்நீரில் ஊறி வெளுத்த விரல்கள். கோட்டுக்காரர் பின்கதவைத் திறந்து பெட்டியின் மூடியை விலக்கினார். தொப்பிகள் கழன்றன.

பருத்த பெண் ஒருத்தி வந்து அவளை இறுக்கிக்கொண்டாள். சோப்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை. பத்தொன்பது நாளும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் வந்த வாடை. அங்கேதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

உள்ளே சாப்பாட்டு நேரம் முடிந்த சங்கு ஊதியது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தொப்பியை மாட்டியபடி திரும்பிப் போனார்கள். கடைசியாக நின்றவர் வயதானவர். சரக்கு ஏற்றுகிற பகுதிக்காரராக இருக்க வேண்டும். கோட்டுக்காரர் கதவை மூடியதும் அந்தப் பெரியவர் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு, லோடு ஏற்றிய லாரியை அனுப்புகிற பழக்கத்தில், உள்ளங்கையால் கதவில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி கிளம்பியது.