பதினொன்று முதல் பதின்மூன்று வரை

மகளின் திருமண அழைப்பை மருமகள் இணையப் பக்கமாகச் செய்தாள். அதுதான் அவள் வேலை. விழா பன்னிரண்டாம் தேதி முதல் பதினான்கு வரை. கடைசி நாள்தான் கல்யாணம்.

எந்த நாட்டில் திறந்தாலும் தேதி அந்த நாட்டு முறைப்படி தெரிய வேண்டும் என்றது நான்தான். வருகிறவர்களைத் தடுமாறவிடுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. 'எல்லாம் இங்குள்ள நேரப்படி' என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டாள். ரயில் அட்டவணை போலிருக்கும், வேண்டாம் என்றேன்.

இன்று காலை மாப்பிள்ளையின் பெரியப்பாவிடமிருந்து செய்தி. மேற்கே, கடல் கடந்து வாழ்பவர். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவர். "டிக்கெட் எடுத்தாச்சு. பதினொன்னு வந்துட்டு, பதிமூணு ராத்திரி கிளம்பறோம்."

கல்யாணத்துக்கு முந்தின இரவே கிளம்புகிறாரா?

மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"மாமா, தேதியை நம்ம நள்ளிரவுன்னு பதிஞ்சிருக்கேன். அப்போ அங்க முந்தின நாள் மத்தியானம். பக்கம் அவங்க நேரத்துக்கு மாத்தி, ஒரு நாள் முன்னாடி காட்டியிருக்கு."

"உங்க மரியாதையைக் கொஞ்சம் குறைச்சிருந்தா தேதியாவது ஒழுங்கா இருந்திருக்கும்" என்றாள் என் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி.

"இப்பவே திருத்திடறேன். அவர் தான்தான் தப்பாப் பார்த்ததா நினைச்சுக்குவார்" என்றாள் மருமகள், தயங்கித் தயங்கி.

வழி சுலபமானதுதான். யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பிழையை ஒரு பெரிய மனிதர் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு எதிரே நான் எப்படி நிமிர்ந்து நிற்பேன்?

"திருத்து. மேலே ஒரு வரி போடு. முன்பு காட்டிய தேதி தவறு, பிழை எங்களுடையது. அங்க இப்போ மணி என்ன?"

"நடு ராத்திரி, மாமா."

சாயங்காலம் வரை காத்திருந்தேன். அவர் கோபித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றால், மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அங்கே விடிந்ததும் அழைத்தேன். ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னேன்.



"என் தம்பி, மாப்பிள்ளையோட அப்பா, கல்யாணம் பதினாலுன்னு சொன்னான், சம்பந்தி. அழைப்பைக்கூடப் படிக்கத் தெரியாதான்னு நேத்து அவனைக் கிழிச்சுட்டேன். அவன் போனை வெச்சுட்டான்" என்றார். பிறகு செருமினார். "டிக்கெட்டை மாத்திக்கறேன். முதல்ல அவன்கிட்ட பேசணும். வெச்சிடட்டுமா?"