கோட்டின் மேல் ஒரு தடம்

டென்னிஸ் ஆடுவதை விட்டுப் பயிற்சியாளராகிப் பதினோரு வருஷம். என் கடைசி ஆட்டத்தில் எதிராளி அடித்த பந்து கோட்டில்தான் விழுந்தது. நடுவர் இறங்கி வந்து பார்ப்பதற்குள் மண்ணில் பதிந்த தடத்தைக் காலால் தேய்த்துவிட்டு, வெளியே என்று சாதித்து ஜெயித்தேன். வலையருகே கை குலுக்காமல் போனவன் அந்த வாரமே விபத்தில் செத்துப்போனான்.

இப்போது ஒரு வாரமாக, நான் பயிற்சி தரும், இரவில் பூட்டிக் கிடக்கும் செம்மண் மைதானத்தில், தினமும் காலையில் கோட்டின் மேல் அதே இடத்தில் ஒரு பந்துத் தடம்.

"சத்தியமா நேத்து பெருக்கிட்டுதான் சார் பூட்டினேன்," என்றார் காவலாளி.

"உங்க சத்தியத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

அவர் போனதும் குனிந்து பார்த்தேன். தேய்க்கக் கால் எழவில்லை.

"உள்ளதான்பா விழுந்துச்சு," என்றேன்.

நிமிர்ந்தபோது, எதிர்ப்பக்க மண்ணில் புதிய காலடிகள் வலைவரை வந்து நின்றிருந்தன.

நான் இன்னும் கையை நீட்டவில்லை.