ஊருக்குச் சொந்தமான முழங்கால்

க்ளெம் ஆர்மராடின் வலது முழங்காலைப் பற்றி அந்த வருஷம் மார்ஸ்லி ஊரில் அபிப்பிராயம் சொல்லாத வாய் கிடையாது. முடிவெட்டுகிறவன் சொன்னான், ட்ராம் ஓட்டுகிறவன் சொன்னான், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதிரியார்கூட அதை இழுத்துப் பொறுமைக்கு உதாரணம் காட்டினார். "இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்றான் ஒருத்தன். "வெந்நீர் ஒத்தடம் குடுத்தா குதிரை மாதிரி ஓடும்" என்றான் இன்னொருத்தன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்! தினமும் அந்த முழங்காலுக்குத் துணி நனைத்துக் கட்டியவள் ஒருத்தி இருந்தாள். அவளை மட்டும் ஒரு பயல் கேட்கவில்லை. அவள்தான் எட்னா. க்ளெமின் மனைவி, மில்லில் தறி ஓட்டுகிறவள்.

சீசன் ஆரம்பித்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. க்ளெம் சம்பளத்துக்கு ஆடிய மார்ஸ்லி டவுன் கால்பந்து கிளப் மூன்றாம் டிவிஷனில் இருந்தது. அதற்குக் கீழே லீக்கில் டிவிஷனே கிடையாது. ஆகஸ்டில் முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தார்கள். ஊரில் பாதி மில் மூடிக் கிடந்த காலம் அது. வேலை போனவனெல்லாம்கூட அந்த இரண்டு வாரமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அப்புறம் மழை வந்தது, சேறு வந்தது, அடிமேல் அடியாகத் தோல்வியும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம், இரண்டிலும் உதை. ஜனவரியில் பார்த்தால் கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தார்கள். கடைசி இரண்டு இடத்தில் முடிக்கிற கிளப், லண்டனுக்குப் போய், மற்ற கிளப்காரர்கள் முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஓட்டுக்குக் கெஞ்ச வேண்டும். அதைவிடச் சாவது மேல் என்று ஊர் நினைத்தது.

ஜனவரி கடைசியில் வெளியூர் ஆட்டம் ஒன்று. பனியில் இறுகிக் கிடந்த தரை. எதிரணியில் ஒரு தடியன் க்ளெமின் முழங்கால் மேல் மொத்தமாக விழுந்தான். அடிபட்டவனுக்குப் பதில் இன்னொருத்தனை இறக்கலாமே என்பீர்கள். கூடாது! அதுதான் சட்டம். பதினொரு பேர் உள்ளே போனால் அந்தப் பதினொரு பேர்தான். அதனால் அடிபட்டவனை ஓரக்கோட்டுப் பக்கம் சோளக்கொல்லை பொம்மை மாதிரி நிறுத்திவைப்பார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள எதிரணியில் ஒருத்தன் மெனக்கெடுவான் இல்லையா, அந்த லாபம்தான். க்ளெமையும் அப்படி நிறுத்தினார்கள். நின்ற இடத்துக்குப் பந்து வந்தது. நல்ல காலால் ஒரு உதை விட்டான், கோல்! தோற்க வேண்டிய ஆட்டம் சமனில் முடிந்தது.

அந்தப் பாழாய்ப் போன கோல் விழாமலே இருந்திருக்கலாம். பத்திரிகையில் படம் போட்டார்கள். மதுக்கடையில் அவன் பேரைச் சொல்லிக் குடித்தார்கள். அன்றிலிருந்து அந்த முழங்கால் ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. சனிக்கிழமை தவறாமல் இறுக்கிக் கட்டி இறக்குவார்கள். பாதி ஆட்டத்தில் நொண்ட ஆரம்பிப்பான், ஓரத்துக்கு அனுப்புவார்கள், ஜனம் கை தட்டும். ராத்திரி வீங்கின காலுக்கு எட்னா துணி நனைப்பாள்.

டாக்டரிடம் அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவே நிறுத்தினா பிழைக்கும். இன்னொரு தடவை மோசமாத் திருகிச்சுன்னா அப்புறம் மடங்காது" என்றார். மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு க்ளெம் என்ன செய்வான்? ஆட்டத்துக்கு வருமுன் அவன் தறி மேஸ்திரி. தறிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து பழுது பார்க்கிற வேலை. பந்து போனாலும் கைத்தொழில் இருக்கிறது என்றுதான் எட்னா அவனைக் கட்டிக்கொண்டதே.

ஆனால் கிளப் சேர்மன் பிக்கர்ஷா அவன் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தார். "கடைசி வரைக்கும் எங்களுக்காக நில்லுப்பா. அடுத்த வருஷம் உன் இடம் உனக்குத்தான். நான் இருக்கற வரைக்கும் உன்னைக் கைவிட மாட்டேன்." பெரிய மனுஷன், ஊரில் பாதிக் கடைக்கு பீர் காய்ச்சி ஊற்றுகிறவர். க்ளெமும் எட்னாவும் குடியிருந்த வீடும் கிளப் வீடு. க்ளெம் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

கடைசி ஆட்டம், சொந்த ஊரில். தோற்காமலிருந்தால் பிழைத்தார்கள். அன்று காலை சாப்பாட்டு மேஜையில் எட்னா ஆரம்பித்தாள்.

"போகாத க்ளெம்."

"சும்மா இரு. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்."

"உன் காலுக்கும் அது தெரியுமா, ஒரே ஒரு ஆட்டம்னு?"

"அவர் வாக்கு குடுத்திருக்காரு, எட்னா! நான் இன்னிக்கு ஒதுங்கினா ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா உன்னைத் தூக்கிட்டுப் போய்க் கக்கூஸ்ல உட்கார வைக்கப் போகுது?"

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

மைதானத்தில் தறிக்காரிகள் வழக்கமாக நிற்கிற இடம் ஒரு மூலையில் சாம்பல் கொட்டிய மேடு. எட்னா தன் சிநேகிதி மாபெல் பக்கத்தில் போய் நின்றாள். மேட்டுக்குப் பக்கவாட்டில்தான் டைரக்டர்கள் உட்காருகிற மர மேடை. நடுவில் சேர்மன், வாயில் சுருட்டு.

இடைவேளையின்போது ஆளுக்கொரு கோல். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் எட்னா பயந்தது நடந்தது. க்ளெம் ஒரு பந்துக்குத் திரும்பினான், கால் திரும்பவில்லை. விழுந்து தரையைக் குத்தினான். ட்ரெய்னர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீரைப் பிழிந்து, கட்டின கட்டின் மேலேயே இன்னொரு கட்டுக் கட்டி, அவனைத் தூக்கி நிறுத்தி ஓரத்துக்குத் தள்ளிவிட்டான். எதிர்ப்பக்கத்து ஆம்பளைக் கூட்டம் ஆரவாரம் செய்தது. "அடிச்சாலும் சாயாத ஆளுடா!"

அப்போது மேனேஜர் ஹாலம் மர மேடையில் ஏறிப் போய்ச் சேர்மனிடம் குனிந்தார். முப்பது அடி தூரம், சுற்றிலும் காது கிழிகிற சத்தம். ஆனால் தறிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கூரைக்கடியில் தடதடக்கும்போது காது யாருக்கு உதவுகிறது? தறிக்காரிகள் பேசுவது உதட்டால், கேட்பது கண்ணால். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மாமியார் சண்டை முழுவதையும் சத்தமில்லாமல் சொல்லி முடிப்பார்கள். பீர் காய்ச்சுகிற பிக்கர்ஷாவுக்கு இது எங்கே தெரியும்?

ஹாலமின் உதடு சொன்னது: "முழங்கால் போயிடுச்சு. வெளிய எடுத்துடட்டுமா?"

சேர்மன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "விடுய்யா, நிக்கட்டும். எப்படியும் திங்கட்கிழமை கணக்குத் தீர்த்து அனுப்பறோம். உடைஞ்ச காலுக்கு அடுத்த வருஷம் யார் சம்பளம் குடுக்கறது? அந்த வீடு ஸ்காட்லாந்துல இருந்து வர்ற புதுப் பையனுக்கு."

பக்கத்திலிருந்த டைரக்டர் சிரித்தார்.

எட்னா திரும்பி மாபெலைப் பார்த்தாள். மாபெலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நானும் பார்த்தேன்டி" என்றது அவள் உதடு. மேட்டில் நின்ற பெண்களில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். பார்க்காத மீதிப் பேருக்கு, ஒரு வார்த்தை சத்தம் வராமல், உதட்டிலிருந்து உதட்டுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

எட்னா கம்பிக்கு அடியில் குனிந்து மைதானத்துக்குள் இறங்கினாள். நேராக நடந்தாள். முதலில் ஆம்பளைக் கூட்டம் சிரித்தது. "வாம்மா, நீயாவது ஒரு கோல் போடு!" "அடுப்புல பட்டாணி தீயுதாம், புருஷனைக் கூப்பிட வந்திருக்கா!" ரெஃப்ரி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன எட்னா இது! மானத்தை வாங்காத, போ!" என்றான் க்ளெம். வலியில் அவனுக்கு மேலுதடு வியர்த்திருந்தது.

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. தறிக்கூடத்தில் பேசுவது மாதிரியே, குரல் இல்லாமல், சேர்மன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். க்ளெமும் தறிக்கூடத்தில் வளர்ந்தவன்தானே. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "பொய்" என்றான், பலமில்லாமல். பிறகு மர மேடைப் பக்கம் திரும்பினான். சேர்மன் எழுந்து நின்று ஹாலமிடம் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பைத்தியக்காரியை வெளிய தள்ளு! நொண்டியை அங்கேயே நிக்கச் சொல்லு, இன்னும் கொஞ்ச நேரம்தானே!"

க்ளெம் அதைத் தானே படித்தான். நான் இருக்கற வரைக்கும் உன்னைக் கைவிட மாட்டேன் என்று சொன்ன அதே வாய். ரெஃப்ரியிடம், "ஐயா, நான் வெளிய போகணும். அனுமதி குடுங்க" என்றான். ரெஃப்ரி அந்தக் காலைப் பார்த்தார், எட்னாவைப் பார்த்தார், தலையாட்டினார்.

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் நொண்டி நொண்டி வந்தான். இதுவரை கை தட்டிய கூட்டம் இப்போது ஊளையிட்டது. "பொண்டாட்டிதாசன்!" "நடுவுல விட்டுட்டு ஓடறான் பாரு, துரோகி!" ஒருத்தன் ஆரஞ்சுத் தோலை வீசினான். நன்றி கெட்ட ஜனம்!

அவர்கள் ஓரக்கோட்டைத் தாண்டுமுன் சேர்மனே தொப்பியும் கோட்டுமாகத் தடதடவென்று இறங்கி வந்து குறுக்கே நின்றார். "இப்ப வெளிய போனேன்னா, ஆர்மராட், அடுத்த வருஷம் உனக்கு இங்க இடம் கிடையாது!"

"அதைத்தான் ஏற்கனவே சொல்லிட்டீங்களே" என்றாள் எட்னா.

"நானா? எப்ப சொன்னேன்? யார்கிட்டச் சொன்னேன்?"

எட்னா மேட்டைக் காட்டினாள். அங்கே கம்பியோரமாக நின்ற அத்தனை பெண்களும் வாயைத் திறந்தார்கள். சத்தம் இல்லை. திங்கட்கிழமை, கணக்கு, உடைந்த கால், சம்பளம், புதுப் பையன், வீடு, எல்லாவற்றையும் அத்தனை உதடுகளும் ஒன்றாகச் சேர்ந்து சொல்லின. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தன.

சேர்மன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்ன பண்றாளுங்க? என்ன சொல்றாளுங்க இவளுங்க?"

"நீங்க சொன்னதைத்தான் முதலாளி சொல்றாங்க" என்றான் க்ளெம்.

மார்ஸ்லி அந்த ஆட்டத்தில் தோற்றது. நொண்டி ஒருத்தன் ஓரத்தில் நின்றிருந்தால் அந்த கோல் விழாமல் இருந்திருக்குமாம்! ஊரே அப்படித்தான் பேசியது. திங்கட்கிழமை கணக்குத் தீர்த்தார்கள். பாதியில் ஓடிப்போனதால் நீக்கினோம் என்று சேர்மன் பத்திரிகைக்குச் சொன்னார், வாய் கூசாமல். தங்கள் கண்ணால் பார்த்ததைப் பெண்கள் வீட்டில் புருஷன்மாரிடம் சொன்னார்கள். "உதட்டைப் பார்த்தியா? அதெல்லாம் சாட்சியாடி?" என்றார்கள் அந்தப் புருஷன்மார். ஜூனில் லண்டனில் சேர்மன் விருந்து வைத்தார், ஓட்டு விழுந்தது, கிளப் லீக்கிலேயே இருந்தது. யாருக்கும் ஒன்றும் போகவில்லை. வீடு போனது எட்னாவுக்கும் க்ளெமுக்கும்தான். மாபெல் தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள்.

ஆனால் நேரத்தோடு வெளியே வந்ததால் முழங்கால் டாக்டர் பயந்த அளவுக்குப் போகவில்லை; அந்தக் கோடை முழுக்க ஓய்ந்து கிடந்ததில் வீக்கம் வடிந்தது. ஆகஸ்டில் க்ளெம் மறுபடி தறி மேஸ்திரியாகச் சேர்ந்தான், வாரத்தில் மூன்று நாள் வேலை. அவன் தறிக்கடியில் குந்தி உட்காருவதை எட்னா தன் தறியிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

புது சீசன் தொடங்கியபோது அவள் மைதானத்துப் பக்கமே போகமாட்டேன் என்றாள். "ஆட்டம் என்னடி பாவம் பண்ணிச்சு?" என்று க்ளெம்தான் இழுத்துக்கொண்டு போனான். அதே மேடு, அதே பெண்கள். க்ளெமின் இடத்தில் அந்த ஸ்காட்லாந்துப் பையன் மக்ரே. நன்றாகத்தான் ஆடினான். பாதி ஆட்டத்தில் எவனோ அவன் கணுக்காலில் ஏறி மிதித்தான். ட்ரெய்னர் பக்கெட்டோடு ஓடினான். கட்டினார்கள். ஓரத்துக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பக்கம் கை தட்டியது.

ஹாலம் மர மேடையில் ஏறிச் சேர்மனிடம் குனிந்தார். மேட்டில் எல்லாத் தலையும் திரும்பியது. சேர்மன் பெண்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆட்ட விவரம் அச்சடித்த தாளை எடுத்து வாய்க்கு நேராக மறைத்துப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து ஏதோ சொன்னார். பக்கத்து டைரக்டரும் தொப்பியால் வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னார். ஒரு மனுஷனின் காலை வதைத்து, வீட்டைப் பிடுங்கி, அந்தப் பெரிய மனுஷர்கள் கற்றுக்கொண்ட பாடம் அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு பேச வேண்டும்!

"என்னடி சொல்றான்?" என்றாள் மாபெல்.

"தெரியலை" என்றாள் எட்னா.  "தெரியணுமா என்ன?"

அவள் தன் பையைக் க்ளெமிடம் நீட்டிவிட்டுக் கம்பிக்கு அடியில் குனிந்தாள். மாபெலும் தன் பையை அவனிடம் திணித்துவிட்டு அவள் பின்னாலேயே குனிந்தாள். அதற்கப்புறம் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று க்ளெம் எண்ணவில்லை. அவன் இரண்டு கை நிறையப் பைகள்.