நடுங்கும் விளக்கு

மின்சாரத்தை அளக்கும் கருவியின் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஈயம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எந்நேரமும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னும் கையுமாக இருப்பதால் தெருவில் அவருக்கு ‘ஈயம்’ என்றே பெயர். ரேடியோ முதல் மிக்சி வரை எது படுத்தாலும் அவரிடம்தான் வரும்.

மனைவி தைப்பதற்காக, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு விளக்கை அவரே செய்து மாட்டியிருந்தார். மின்சாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தைத் தொட்டுப் போகும். அந்தக் கணத்தைப் பிடித்துச் சொல்ல ஒரு சின்ன சர்க்யூட். அதைக் கேட்டு, கொஞ்சம் பொறுத்து, விளக்குக்கு மின்சாரத்தைத் திறந்துவிட ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சில்லு. வேலை முடிந்த அன்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ ஊசியில் நூல் கோக்கும்போதே, வெளிச்சம் நடுங்குது என்றாள். அவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் தலைவலி என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் அக்கா வந்திருந்த அன்று, "லைட்டுல ஒண்ணுமில்ல, இவ மனசுலதான் கோளாறு," என்று சொல்லித் தொலைத்தார். மறுநாள் தையல் மிஷின் அக்கா வீட்டுக்குப் போனது. பின்னாலேயே அவளும் போனாள்.

அவள் சொன்னது பொய் என்று காட்டத்தான் இன்று அளக்கவே உட்கார்ந்தார். ஒரு பூஜ்யம் நேரத்துக்கு வந்தது, அடுத்தது பிந்தி வந்தது. அலை ஏறும்போது மட்டும் சோதித்துவிட்டு, இறங்கும்போதும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தார். விளக்கு ஒரு தடவை கூடவும் மறு தடவை குறைவாகவும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது, கண்மூடித் திறப்பதற்குள் பல தடவை. அவருக்கு வெட்கமாக இருந்தது. சில்லின் புரோகிராமில் ஒரு எண்ணை மாற்றினார். இரண்டும் சமமாயின.

மறந்துவிட்டுப் போன கத்தரிக்கோலை எடுக்க மாலையில் அவள் வந்தாள். விளக்கைப் போட்டார். நின்றபடியே நூலைக் கோத்துப் பார்த்தாள்.

"இப்ப நடுங்கல."

பூஜ்யம் பிந்தி வந்த கதையை மூச்சுவிடாமல் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள்.

"லைட்ட சரி பண்ணிட்டீங்க. அக்கா முன்னாடி சொன்னத?"

அவர் கை மேஜைமேல் எதையோ தேடியது. அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"இரு, நானும் வரேன். அவங்க முன்னாடியே சொல்றேன்."

 அவர் செருப்பைத் தேடிப் போடும்வரை அவள் வாசலில் நின்றாள்.

விளக்கை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை. தையல் மிஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு கால்தடங்கள். அவற்றின்மேல் விளக்கு ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது.