கைப்பிடி மாறிய ரம்பம்

அக்கா புருஷன் கடை வாசலில் வந்து நின்றபோது கடிகாரக்காரர் தலை நிமிரவில்லை. அக்கா கண்ணை மூடிய அன்றுகூட இருவரும் ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள்.

எல்லாம் ஒரு ரம்பத்தால் வந்த வினை. பழைய இங்கிலாந்து கைரம்பம் என்றால் இருவருக்கும் உயிர். இறந்துபோன ஒரு தச்சரின் கொட்டகையில் அப்படி ஒன்று தொங்குவதை முதலில் பார்த்தவர் கடிகாரக்காரர். சந்தோஷம் தாங்காமல் அத்தானிடம் சொல்லித் தொலைத்தார். மறுநாள் போனால் வெறும் ஆணிதான் இருந்தது. அத்தான் முந்திக்கொண்டு வாங்கிப் போய்விட்டார். கடிகாரக்காரர் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். அத்தானும் சும்மா இருக்கவில்லை. தம்பி வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று பெண்டாட்டிக்கு உத்தரவு போட்டார். மிதிக்காமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அத்தான் துணியில் சுற்றிய அந்த ரம்பத்தை மேசைமேல் வைத்தார். மகன் வீட்டோடு போகப்போவதாகவும், அங்கே இதற்கு இடமில்லை என்றும் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் கடிகாரக்காரர் வாயெடுத்தார். கை கேட்கவில்லை, துணியைப் பிரித்தது. தகட்டில் செய்தவரின் முத்திரை பாதி தேய்ந்திருந்தது. நுனிப்பக்கம், முதுகில் மூக்குபோல் கடுகளவு ஒரு துருத்தல். அந்தக் காலத்து ரம்பம் என்று அதுவே சொல்லிவிடும். மரத்தில் சிக்காமல் ஓட, முதுகுப்பக்கம் தகட்டை மெலியத் தேய்த்திருந்தார்கள். ஆப்பிள் மரக் கைப்பிடி, யார் யாரோ பிடித்துப் பிடித்து வழவழவென்று இருந்தது.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பித்தளைத் திருகுகளைப் பார்த்தார். கைப்பிடி முடியும் இடத்தில், தகட்டில் ஒரு பழைய துளை பாதி வெளியே தெரிந்தது. இந்தக் கைப்பிடி இந்தத் தகட்டுக்குச் செய்ததே இல்லை. வேறொரு ரம்பத்திலிருந்து கழற்றி மாட்டியது.

"இது தெரியுமா அத்தான்?"

"வாங்கின வாரமே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன். நாள் போகப் போக அவகிட்டயும் சொல்ல முடியல. ஒரு ஒட்டு ரம்பத்துக்காகவா என் தம்பிய விலக்கி வச்சீங்கன்னு கேட்டிருப்பா."

சிரித்திருப்பார்தான். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அன்றைக்கே அக்கா கையால் சாப்பிட்டிருப்பார். கோபத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

"அக்கா கடைசியில என்னைக் கேட்டாளா?"

"கேட்டா மச்சான். நான்தான் ஆள் அனுப்பல."

அத்தான் தெருவில் இறங்கினார். நடை தளர்ந்திருந்தது. கூப்பிட வேண்டும்போல் இருந்தது கடிகாரக்காரருக்கு. கூப்பிடவில்லை.

ரம்பத்தைச் சுவரில் மாட்டவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. அது மேசைமேலேயே கிடந்தது. யாராவது விலை கேட்டால், விற்பதற்கில்லை என்பார். நல்ல ரம்பமா என்று கேட்டால், தகடு நல்ல தகடுதான் என்பார்.