மேல்பலகையில் ஒரு காலி இடம்

மார்பு ஒன்றை எடுத்தபின் ஒருத்திகூட என் கதவைத் தட்டவில்லை. எங்கள் ஹெல்சிங்கி குடியிருப்பில் வியாழன் மாலை பெண்களுக்கான சவுனா நேரம். எத்தனையோ வருஷமாக ஒரே நீராவி அறையில் ஒட்டுத்துணியில்லாமல் என்னோடு உட்கார்ந்து வியர்த்தவர்கள், இப்போது மாடிப்படியில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

இந்த வியாழன் பொறுக்க முடியவில்லை. துண்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, தழும்போடு அப்படியே உள்ளே நுழைந்தேன்.

"என்னடி, புற்றுநோய் ஒட்டிக்குமா? இல்ல, நான் செத்தே போயிட்டேனா?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..." என்று இழுத்தாள் எதிர்வீட்டு இர்மெலி.

"தொந்தரவா? கீமோ போட்டுட்டு வாந்தி எடுத்துக் கிடந்தேன். யாராவது வந்து தொந்தரவு பண்ண மாட்டாங்களான்னு ஏங்கினேன்!"

அப்போதுதான் பார்த்தேன். படிபோல் அமைந்த பலகைகளில் எல்லோரும் கீழ்ப்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே, அடுப்போரம், என் இடம் காலி.

"அங்க யாரையும் நாங்க உட்கார விடல," என்றாள் இர்மெலி.

"அதை வந்து சொல்ல வாய் வரலையாக்கும்!"

ஏறி உட்கார்ந்து, அகப்பை நிறையத் தண்ணீரை அடுப்பின் சூடேறிய கற்களில் வீசினேன். நீராவி சீறியது, அத்தனை பேரும் அலறினார்கள்.

"கத்துங்கடி," என்றேன். "இந்தச் சத்தம் கேக்காமத்தான் பாதி செத்தேன்."